தொடைநடுங்கிகளும் ஓர் ஆரஞ்சுப் பழமும்

மலையில் டிரைவிங் கற்றுக்கொடுக்கும் தொழிலில், ஓட்டுகிறவர் ஒருமுறை பிரேக் மிதித்தால் பக்கத்து சீட்டுக்காரர் பத்து முறை மிதிப்பார். மனைவிக்கோ மகனுக்கோ வண்டி பழக்கியவர்களுக்கு இது புரியும்.

அகராதிக்குத் தெரியாதது

தொடைநடுங்கி என்றால் கோழை என்கிறது அகராதி. ஏற்காட்டு மேட்டில் பாதிக் கிளட்சில் வண்டியைப் பிடித்துப் பாருங்கள், இடது தொடை தானாக ஆடும். பயம் மனசுக்குள் இருந்தால் யாருக்குத் தெரியும்? தொடை ஆடினால் பக்கத்திலிருப்பவனுக்குத் தெரிந்துவிடும். அந்தச் சொல் அப்படித்தான் பிறந்திருக்கும் என்பது என் கட்சி.

கரடியூரிலிருந்து பழக வந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரரிடம் இதைச் சொன்னேன். மீசை அசையவில்லை, தொடை மட்டும் தையல் மிஷினாக ஓடிக்கொண்டிருந்தது. "எல்லையில நின்னப்பக்கூட இது ஆடலைங்க. ஏனுங்க, உங்க கார்லதான் ஏதோ கோளாறு."

நசுங்கிய பழங்கள்

மேட்டில் வண்டி பின்னால் உருளாமல் கிளப்ப வேண்டும். அதற்காகப் பின் சக்கரத்தை ஒட்டி ஓர் ஆரஞ்சு வைப்பேன். நசுங்கினால் மறுபடி பாடம். தப்பித்தால் பழம் ஓட்டியவருக்கு.

மஞ்சக்குட்டையிலிருந்து பழக வந்த ஸ்டெல்லா நசுக்கிய பழங்களுக்குக் கணக்கில்லை. அவர் கணவர் ஆரோக்கியம் ஷேர் ஜீப் ஓட்டியவர். மிளகு பறிக்க மரமேறி விழுந்து இடது கால் முறிந்தது. இனி கிளட்ச் மிதிக்க முடியாது. ஜீப் ஓடினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் "நீ ஓட்டுவியா? தொடைநடுங்கி!" என்று அவர் சிரித்தாராம். அதைச் சொல்லும்போது ஸ்டெல்லா அழுதுவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பழக்கடைக்குப் போய் இன்னும் பழம் கேட்டேன். கடைக்காரம்மா முறைத்தார்: "நொம்ப நல்ல பழம் கண்ணு, திங்காம மிதிச்சுப்போடறதுக்கா வாங்கறே?"

பக்கத்து சீட்டு

லைசென்ஸ் வந்ததும் ஸ்டெல்லா கணவரையும் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வாழவந்திக்குக் கிளம்பினார். குறுகலான மேட்டில் எதிரே பஸ். ஓரம் கட்டி நிறுத்தினார். நான் வழக்கம்போல் இறங்கிப் பழத்தை வைத்தேன். பஸ் கடந்தது. ஸ்டெல்லாவின் தொடை ஆடியது. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆரோக்கியம் "மாதாவே, மாதாவே" என்று நல்ல காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தார். ஜீப் துளியும் பின்வாங்காமல் மேலேறியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முழுசாகக் கிடந்த பழத்தை எடுத்துக்கொண்டு, மேலே போய் நின்ற ஜீப்பிடம் ஓடினேன். ஸ்டெல்லா அதை உரித்துக் கணவரிடம் நீட்டினார்: "நீங்களே சாப்புடுங்க. உங்க தொடை ஆட்டம் இன்னும் நிக்கலைங்க."

அந்தச் சொல்லை உண்டாக்கியவர் தொடை ஆடியதைப் பார்த்ததுமே வீட்டுக்குப் போய்விட்டார் போலிருக்கிறது, வண்டி மேடேறும்வரை கொஞ்சம் நின்றிருக்கலாம்.