இன்னொருவர் சொல்லட்டும்

சச்சிதானந்தன் ஒற்றை விரலால்தான் தட்டுவார். விரல் எழுத்தைத் தேடி விசைப்பலகைக்கு மேலே கொக்கு மாதிரி நிற்கும். கண்டதும் ஒரு கொத்து. விடிய மிசிசாகா போய் விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளிவிட்டு, சீருடையைக்கூட மாற்றாமல் டோர்செட் பார்க்கில் வீட்டுக்குப் பக்கத்து நூலகத்துக்கு வந்துவிடுவார். ஜன்னலோரக் கணினி இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை அவருக்கு. பிறந்த ஊர், உயரம், நிறை, எந்தக் கையால் எறிந்தான் என்று வாய்க்குள் சொல்லிச் சொல்லித் தட்டுவார். எட்டிப் பார்த்தவர்கள் சிரித்துக்கொண்டு போவார்கள். யாரும் கேள்விப்படாத பேஸ்போல்காரர்களுக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் பக்கம் எழுதுகிற மனிதரைப் பார்த்தால் வேறென்ன செய்வார்கள்?

அதற்கு ஒரு காரணம் உண்டு. எண்பத்தெட்டில் அகதியாய் வந்தவருக்குக் கிடைத்த முதல் வேலை, ஒன்டாரியோவில் ஒரு சின்ன ஊரின் கீழ்ப்படி அணிக்கு உடுப்புத் தோய்ப்பது. கீழ்ப்படி என்றால், பெரிய அணி எப்போது கூப்பிடும் என்று பெடியள் காத்துக் கிடக்கிற படி. நூறு பேர் நின்றால் ஐந்து பேர் ஏறுவார்கள். மற்றவர்கள் தோள் மூட்டுக் கழன்று, ஊர் திரும்பிக் காப்புறுதி விற்பார்கள். லைல் ப்ரெனிக் என்று ஒருவன் நாலு கோடை, எழுபத்தொரு ஆட்டம் பந்து எறிந்தான். மேலே ஏறவேயில்லை. ஆனால் காற்சட்டையைக் கூடைக்குள் போடுமுன் பொக்கற்றைப் புரட்டி, புகையிலைத் தூளைத் தட்டிவிட்டுப் போட்டவன் அந்த அணியிலேயே அவன் ஒருவன்தான். அது எவ்வளவு பெரிய மரியாதை என்று தோய்த்த கைக்குத்தான் தெரியும்.

2009 வைகாசி தொடக்கத்தில் லைலுக்குப் பக்கம் எழுதி ஏற்றினார். மறுநாளே அதன் தலையில் ஓர் அறிவித்தலை ஒட்டிவிட்டார்கள்: இதை நீக்கலாமா, ஏழு நாள் பேசுவோம். முகம் தெரியாத நாலைந்து பேர் வந்தார்கள். முதல் தர மைதானத்தில் ஒரு நாள்கூடக் கால் வைக்காதவருக்குப் பக்கம் எதற்கு என்றார் ஒருவர். இவனை விட்டால் இவனைப் போல ஆயிரம் பேர் வருவார்கள், இதென்ன தொலைபேசிப் புத்தகமா என்றார் இன்னொருவர். சச்சிதானந்தன் அரை மணித்தியாலம் தட்டிப் பதில் போட்டார்: தொலைபேசிப் புத்தகத்தில் எல்லாரும் இருக்கிறார்கள், ஐயா, அதனால் யாருக்கும் நட்டமில்லையே.

அவர்கள் மசியவில்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு பத்திரிகைகள் அவனைப் பற்றி எழுதியிருக்க வேண்டும், அதுதான் விதி. மனிதர் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி அந்தச் சின்ன ஊருக்குப் போனார். பழைய தாள்களைக் கிளறி ஒரு கட்டுரை எடுத்தார். பக்கத்து ஊர்ப் பத்திரிகையிலும் ஒன்று கிடைத்தது. பார்த்தால் அதே ஆள் எழுதி அங்கேயும் கொடுத்தது. ஒரு வாய் இரண்டு இடத்தில் சொன்னாலும் ஒன்றுதான் என்று தள்ளிவிட்டார்கள். ஏழாம் நாள் பக்கம் போயிற்று. எழுபத்தொரு தரம் மைதானத்தில் இறங்கி எறிந்தவன் எறியவேயில்லை என்று ஆகிவிடுமா?

அடுத்த கிழமை வன்னியில் யுத்தம் முடிந்தது என்று அறிவித்தார்கள். சச்சிதானந்தனின் மனைவி குணவதியின் ஒரே தம்பி இராஜரட்ணம் அதற்குள் அகப்பட்டிருந்தான். நாலாம் நாள் அகதி முகாமிலிருந்து தில்லையம்பலம் என்ற, தம்பியின் அயலவர் தொலைபேசியில் பேசினார்: இராஜரட்ணம் பதினாலாம் தேதி ஷெல்லில் போய்விட்டான். குணவதி வாயைத் திறந்து அழப் போனவ. சச்சிதானந்தன் கையைக் காட்டி மறித்தார்.

"ஒரு ஆள் சொன்னா காணாது, குணம். இன்னொருத்தர் சொல்லட்டும்."

இரண்டு நாள் கழித்துத் தில்லையம்பலத்தின் மனைவியும் அதையே சொன்னா. அவவுக்குப் புருஷன் சொன்னது, ஆகவே அது கணக்கில்லை என்றார் சச்சிதானந்தன். கீழ் வீட்டு மங்கையற்கரசி அன்ரி, அடுப்பு எரியாத வீடு என்று இடியப்பப் பெட்டியோடு வந்தா. இது செத்த வீடில்லை என்று வாசலிலேயே திருப்பிவிட்டார். குணவதி அன்றைக்கும் சோறு வடித்தா. உலை கொதிக்கக் கொதிக்கப் பார்த்துக்கொண்டு நின்றா, அழவில்லை.

ஸ்காபரோவில் யார் செத்தாலும் முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தை எழுதிக் கொடுப்பவர் சச்சிதானந்தன்தான். செத்தவர் எங்கே பிறந்தார், எங்கே படித்தார், என்ன கறி விரும்பினார் என்று ஒன்று விடாமல் கேட்டு எழுதுவார். காசு வாங்கமாட்டார். முப்பத்தோராம் நாள் நெருங்க, குணவதி கேட்டா.

"இஞ்சருங்கோ, ஊருக்கெல்லாம் கல்வெட்டு எழுதுறியள். என்ரை தம்பிக்கு எழுதமாட்டியளோ?"

"திதி தெரியாமல் எப்பிடி எழுதுறது?"

"பதினாலு எண்டு சொன்னவர்தானே."

"அவர் ஒருத்தர்தானே சொன்னவர்."

"உந்தப் பந்தடிகாரனுக்கு ரெண்டு பேர் இல்லையெண்டு உங்களைக் கலைச்சாங்கள். நீங்கள் வந்து என்னைக் கலைக்கிறியள்."

லைலுக்கு இரண்டாவது ஆள் கிடைக்கவேண்டும் என்று பஸ் ஏறிய மனிதர், இராஜரட்ணத்துக்கு இரண்டாவது ஆள் வந்துவிடக்கூடாது என்றுதான் இத்தனை நாளும் அந்த விதியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அது குணவதிக்கும் தெரியும்.

ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. யாரோ கொடுத்த கைபேசியில், கிருபன் என்று ஒரு பெடியன் முகாமிலிருந்து பேசினான். இராஜரட்ணத்தை ராசண்ணை என்றான்; கடைசிவரை அவனோடு நின்றவனாம். சச்சிதானந்தன் குரலைத் தாழ்த்தி விசாரித்தார்.

"தில்லையம்பலத்தாரைத் தெரியுமோ தம்பி?"

"ஆரண்ணை அவர்? எனக்குத் தெரியாது."

எந்த நாள் என்று கேட்டார். பதினாலு, வியாழக்கிழமை, விடிய. என்ன சேட்டு என்று கேட்டார். கட்டம் போட்டது, முழங்கையில் தைத்தது. கேட்க இன்னும் ஒன்றுதான் இருந்தது.

"நீர் கண்ணாலை கண்டனீரோ, ஆரும் சொல்லிக் கேட்டனீரோ?"

"நான்தான் அண்ணை மண் போட்டு மூடினனான்."

அத்தோடு தொடர்பு அறுந்தது. குசினிக்குள் தண்ணீர் ஓடுகிற சத்தம் நின்றது. ஆர் போனிலை என்று குணவதி கேட்டா. கேட்டுக்கொண்டே அவருடைய முதுகுக்குப் பின்னால் வந்து நின்றா. அவர் திரும்பவில்லை. ஒரு சத்தமும் வராத தொலைபேசியைக் காதோடு இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஓம்... ஓம் தம்பி... ஓம்" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.