அம்மா தைத்த சிவப்பு அங்கி

டிசம்பர் பிறந்ததும் பரண்மேல் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கி, குடில் சாமான்களைத் துடைத்து வெயிலில் வைப்பது என் வேலை. யாரும் எனக்குச் சொன்ன வேலையில்லை. நான் செய்யாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள் என்பதால் என் வேலையாகிவிட்டது. சூசையப்பர், மாதா, காது உடைந்த கழுதை, ஒட்டகம் தொலைந்துவிட்டதால் நடந்தே வந்துகொண்டிருக்கும் மூன்று ராசாக்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தினத்தாளில் சுற்றி வைத்திருப்பேன். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிவப்பு அங்கி மடித்துக் கிடக்கும்.

இந்த வருடம் பெட்டியை இறக்கும்போதே இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதோடுதான் கேக்குக்குச் சொல்லி, நட்சத்திரத்துக்கு ஒயர் இழுத்து, வருகிறவர்களுக்குப் படுக்கை தட்டி வைத்தேன். பண்டிகைக்கு முதல்நாள் தம்பி வந்தான். சித்தப்பாவின் மகனும் வந்தான். இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சு கிடையாது. இருவர் பங்கு நிலத்துக்கும் நடுவே இருக்கும் வரப்பில் ஆழ்துளைப் போர் போட்டது யார் இடத்தில் என்பதுதான் தகராறு. ஆனாலும் கிறிஸ்மஸ் என்றால் பெரியவள் வீடு என்று இருவரும் வந்துவிடுவார்கள். ஒரே கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துகொண்டு என் பேத்தியின் மூலமாகப் பேசிக்கொள்வார்கள்.

“பாப்பா, அந்தத் தாத்தாகிட்ட ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கலாமான்னு கேளு.”

“கொறைச்சா எனக்கு வேர்க்கும்னு சொல்லு பாப்பா.”

குழந்தை இரண்டு மூலைக்கும் நடந்து நடந்து சொன்னாள். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வயதில் அந்த வேலையை நான் பார்த்திருக்கிறேன்.

அப்போது எங்கள் ஊரில் வயல் வயலாகக் கொடி பறந்த காலம். திருவாரூர் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பார்த்தால் பச்சைக்கு நடுவே சிவப்புத் துணிகள் தெரியும். எங்களுக்குச் சொந்த நிலம் இல்லை. மிராசுதாரின் நிலத்தில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், தாத்தா காலத்திலிருந்து வாய்வார்த்தையாகக் குத்தகைக்கு உழுதுவந்தோம். குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுகா ஆபீசில் பதிந்துகொள்ளலாம், பதிந்துவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. அதனால் மிராசுதாரின் காரியஸ்தர் வீடு வீடாக வந்து, ‘நாங்கள் குத்தகைக்காரர்கள் இல்லை, கூலிக்கு உழுகிறவர்கள்’ என்று எழுதிய தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். குத்தகை அப்பாவின் பொறுப்பில் இருந்தது. “பண்டிகை முடியட்டுங்க, வந்து போட்டுடறேன்” என்று அப்பா சொல்லியிருந்தார்.

அப்பாவின் தம்பியான சித்தப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் விவசாயிகள் சங்கத்தில் சேர்ந்திருந்தார். “கையெழுத்துப் போட்டா அம்புட்டுத்தாண்ணே. தை அறுப்போட தெருவுக்கு வந்துடுவோம்” என்றார். எனக்குக் கடுங்காய்ச்சல் கண்டபோது ஆஸ்பத்திரிக்குப் போக வில்வண்டி அனுப்பியவர் மிராசுதார், அவர் முகத்தில் எப்படி விழிப்பது என்றார் அப்பா. வார்த்தை முற்றியது. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு ஆனது. முற்றம் மட்டும் பொதுவாக இருந்தது. அந்த முற்றத்தில் நான் தூது நடந்தேன்.

“உங்க சித்தப்பாகிட்ட சொல்லு, மேல மடைய இன்னிக்கு அடைக்கணும்.”

சித்தப்பா நாலடி தூரத்தில் பல் விளக்கிக்கொண்டிருப்பார். நான் திரும்பி, “சித்தப்பா, மேல மடைய...” என்று ஆரம்பிப்பேன்.

“கேட்டுச்சு கேட்டுச்சு. அடைச்சாச்சுன்னு சொல்லு. அவரு எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடியே அடைச்சாச்சுன்னு சேத்துச் சொல்லு.”

பேச்சு நின்ற பிறகு வயலில் இன்னொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் சித்தப்பா எங்கள் வரப்பில் கொடி நட்டுவிட்டு வருவார். காலையில் தண்ணீர் பார்க்கப் போகும் அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவார். இருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். அப்பா பிடுங்கி வந்ததைக் கொல்லையில் போட்டு, “எரிச்சிடு” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா எரிக்கமாட்டாள். மூங்கில் குச்சியை அவரைப் பந்தலுக்கு ஊன்றிவிடுவாள். துணியைத் துவைத்து மடித்து வைத்துக்கொள்வாள். சித்தப்பாவும் தினமும் அந்தப் பந்தலைத் தாண்டித்தான் கிணற்றடிக்குப் போவார்.

“என்னா அண்ணி, இந்த வருசம் அவர நல்லாப் புடிச்சிருக்கே.”

“ஊனுகோல் நல்லா இருந்தா எதுவும் புடிக்கும் தம்பி” என்பாள் அம்மா.

அந்த வருடம் கிறிஸ்மஸ் தாத்தாவின் அங்கியை எலி கடித்துவிட்டது. எங்கள் கோயிலில் பண்டிகைக்கு முதல்நாள் சாயங்காலம் பாட்டுப் பாடிக்கொண்டு ஊர் சுற்றுவது வழக்கம். கலியாணம் ஆவதற்கு முன்பிருந்தே சித்தப்பாதான் தாத்தா வேஷம் போடுவார். ஒல்லியான மனிதர் என்பதால் வயிற்றில் ஒரு தலையணையைக் கட்டிக்கொள்வார். புது அங்கிக்குத் துணி எடுக்கக் கோயிலில் வசதியில்லை என்று உபதேசியார் கையைப் பிசைந்தபோது, “நான் தச்சுத் தரேன்” என்றாள் அம்மா. அம்மாவிடம் ஒரு கைமெஷின் இருந்தது. தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தைத்தாள்.

மடித்து வைத்திருந்த சிவப்புத் துணி எல்லாம் வெளியே வந்தது. சில துணிகளில் வெறும் சிவப்பு. சிலவற்றில் வெள்ளைப் பெயிண்டில் அரிவாள் வரைந்திருந்தது. துவைத்தும் போகவில்லை. வெறும் சிவப்பை வெளிப்பக்கமும், அரிவாள் இருந்ததை உள்துணியாகவும் வைத்துத் தைத்தாள். ஓரத்தில் பஞ்சு ஒட்டினாள். அப்பா பார்த்துவிட்டுத் தலையாட்டினார். வீட்டில் நல்ல துணியை வீணாக்காத பெண்டாட்டி இருப்பது அவருக்குப் பெருமை. சித்தப்பா போட்டுப் பார்த்தபோது உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

“அண்ணி...”

“பொத்தானப் போட்டா உள்ள இருக்கிறது யாருக்கும் தெரியாது தம்பி” என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

விளக்கு வைக்கும் நேரத்தில் கிளம்பினோம். உபதேசியார் ஆர்மோனியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அப்பா பெட்ரோமாக்ஸ் தூக்கினார். நான் அட்டை இறக்கை கட்டிய சம்மனசு, தேவதூதர் வேஷம். முதல் வீடு எப்போதும் மிராசுதார் வீடு. அவர்கள் எங்கள் வேதம் இல்லையென்றாலும் அவர் வாசலில் பாடிவிட்டுத்தான் தெருவுக்குள் போவது என்று ஒரு மரியாதை இருந்தது. அவர் வாசல் பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் தாம்பாளத்தில் வாழைப்பழமும் கல்கண்டும் இருக்கும். காரியஸ்தர் பின்னால் நிற்பார்.

பாட்டு நன்றாகத்தான் போனது. அவ்வளவு மாதமாகச் சிரிக்காமல் இருந்த சித்தப்பா முகமூடி போட்டதும் ஆளே மாறிவிட்டார். குதித்தார், சுழன்றார், மிராசுதாரின் பேரக்குழந்தைகளின் கன்னத்தைத் தாடியால் தடவினார். கடைசிப் பாட்டுக்கு இரண்டு கையையும் தூக்கி ஒரு குதி குதித்தபோது மேல்பொத்தான் தெறித்தது. தலையணை தொபுக்கென்று கீழே விழுந்தது. குழந்தைகள் கைதட்டினார்கள். அங்கி விரியத் திறந்துகொண்டது. நெஞ்சுப்பக்கத்து உள்துணியில், அப்பா பிடித்திருந்த வெளிச்சத்தில், வெள்ளை அரிவாள் பளிச்சென்று தெரிந்தது.

மிராசுதாரே முதலில் சிரித்தார். “ஏம்ப்பா, ஒங்க தாத்தா வயித்துக்குள்ள அருவா வச்சிருக்காரு போலருக்கே!”

எல்லாரும் சிரித்தோம். காரியஸ்தர் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து அங்கியின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். “இது சங்கத்துக் கொடிங்கய்யா” என்றார்.

ஆர்மோனியம் நின்றது. சித்தப்பா அசையாமல் நின்றார். முகமூடியில் தாத்தா சிரித்துக்கொண்டே இருந்தார். மிராசுதார் அப்பாவைப் பார்த்தார்.

“எங்க வயல்ல நட்டிருந்ததுங்கய்யா” என்றார் அப்பா. “நான்தான் புடுங்கிட்டு வந்தேன். ஒண்ணுகூட நிக்க விடலிங்க.”

“எங்கிட்ட சொன்னியா?”

“ஐயா மனசு நோவுமேன்னுதான்...”

“நோவும்னுதான் சட்ட தச்சுக்கிட்டு வந்து என் வாசல்லயே ஆட விட்டியாக்கும்.”

ஊரிலேயே அந்த மனிதருக்காக விடிந்தும் விடியாமலும் ஓடிக் கொடி பிடுங்கிய ஒரே ஆள் அப்பாதான். அதை நிரூபிக்க அவரிடம் இருந்ததெல்லாம் அந்தக் கொடித்துணிதான்.

“இனிமே நீ வந்து கையெழுத்துப் போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டியும் ஒண்ணுதான்” என்றார் மிராசுதார், குரலை உயர்த்தாமல். “தை அறுப்பு முடிஞ்சதும் நெலத்த விட்டுடு.” பிறகு திரும்பி, “அந்தச் சம்மனசுக்குக் கல்கண்டு குடுங்க” என்றார். எனக்கு இரண்டு கையும் கொள்ளாமல் கிடைத்தது. எல்லா வருடத்தையும்விட அதிகம் என்று சந்தோஷப்பட்டேன்.

தெருமுனை வரைக்கும் யாரும் பாடவில்லை. அங்கே வந்ததும் சித்தப்பா முகமூடியைக் கழற்றினார்.

“அண்ணே, லைட்ட கொஞ்சம் இப்படிக் காட்டு. தலையணையக் காணும்.”

“பாப்பா கக்கத்துல இடுக்கிட்டு வருது பாரு” என்றார் அப்பா, என்னைக் காட்டி. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, “ஊக்கு இருந்தா குத்திக்க. பனி எறங்குது” என்றார்.

மாதக்கணக்கில் என் வழியாக நடந்த பேச்சு என்னைத் தாண்டி நேராகப் போனது. எனக்கு ஆச்சரியமாக இல்லை. பாலன் பிறந்தால் பூமியில் சமாதானம் வரும் என்று சாமியார் பிரசங்கத்தில் சொல்லியிருந்தார். வந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். இருவரும் அண்ணன் தம்பியாகப் பேசிக்கொண்டு வருவதைக் கேட்டாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. “எல்லாருக்கும் இங்கயே சோறு” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். சித்தியின் அடுப்பு அன்றைக்கு எரியவில்லை.

பண்டிகை கழிந்து ஆபீஸ் திறந்த நாளில் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் பெயரைப் பதியத் தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். அப்புறம் நடந்தது எதுவும் சுலபமாக நடக்கவில்லை. தை அறுப்புக்கு மிராசுதார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். வயலில் அடிதடி ஆனது. சித்தப்பாவின் இடது கை முழங்கையில் உடைந்து, கடைசிவரை முழுதாக நீளவில்லை. விசாரணை என்று அப்பா நடையாக நடந்தார். ஆனால் ஒன்பது மாவும் எங்களிடம் நின்றது. மறுவருடமும் சித்தப்பா அதே அங்கியைப் போட்டு ஆடினார், ஒரு கையைத் தூக்காமல். மிராசுதார் வாசலுக்குப் போகவில்லை. அப்பா மட்டும் அந்த வீட்டைத் தாண்டும்போது பெட்ரோமாக்ஸைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார்.

இன்றைக்கு அப்பா இல்லை, அம்மா இல்லை, சித்தப்பாவும் இல்லை. ஆற்றில் தண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. போரில் மட்டும் தண்ணீர் வருகிறது. அதனால் போருக்குச் சண்டை. என் தம்பியும் சித்தப்பா மகனும் அதே ஒன்பது மாவுக்காக என் கூடத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பேத்தி அங்கியைப் பார்த்துவிட்டாள். சித்தப்பா மகனைத் தாத்தா வேஷம் போடச் சொல்லி அடம்பிடித்தாள். “மேல்பொத்தான் இல்லையே தையக்காரப் பெரியம்மா புள்ள, தச்சுக் குடுங்க” என்று அவன் என்னைக் கேலியாகக் கூப்பிட்டுக்கொண்டே நீட்டினான். பின்வாசலில் வெளிச்சத்துக்கு வந்து கண்ணாடி போட்டுக்கொண்டு அங்கியைத் திருப்பிப் பார்த்தேன். துணி நைந்து கிடந்தாலும் தையல் ஒன்றுகூடப் பிரியவில்லை. அம்மாவின் தையல் அப்படி. மற்ற பொத்தான்கள் அத்தனையும் இன்னும் இறுகித்தான் இருக்கின்றன. மேல்பொத்தான் இருந்த இடத்தில் மட்டும், சித்தப்பா ஊக்கு குத்திய துளைகளுக்குப் பக்கத்தில், நூல் போன தடம் ஒற்றையாகத்தான் இருந்தது. முடிச்சும் இல்லை. உள்துணிக்கு வெறும் சிவப்பு எவ்வளவோ மிச்சம் இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதில் எனக்கு ஒரு ஜாக்கெட்கூடத் தைத்தாள். ஆனாலும் நெஞ்சுக்கு நேராக அரிவாளைத்தான் வைத்திருந்தாள்.

அப்பாவால் மிராசுதாரை விட்டு வரவே முடியாது. மிராசுதார்தான் அப்பாவை விடவேண்டும். இதை எங்கள் வீட்டில் ஒருத்தி கணக்காகப் புரிந்துகொண்டிருந்தாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அவள் இருந்தவரை கேட்கவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும், நூல் இற்றுப்போயிருக்கும் என்றுதான் சொல்லியிருப்பாள்.

கூடத்திலிருந்து தம்பியின் குரல் கேட்டது. “பாப்பா, போய் அங்கி ஆச்சான்னு பாரு. அந்தத் தாத்தாவ ரெடியா இருக்கச் சொல்லு.”

இரட்டை நூல் கோத்து, நான்கு துளையிலும் மாற்றி மாற்றிக் குத்தி, அடியில் மூன்று முடிச்சுப் போட்டுப் பொத்தானை இறுக்கித் தைத்தேன். அம்மாவின் துணிச்சல் எனக்கு இல்லை.