தங்கைக்கு நான் சொன்ன ஆயின்மென்ட்

இது நடந்து இரண்டரை வருடம் ஆகிறது. அண்ணாமலை நகரில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், வீடும் பக்கத்திலேயே. பதினாறு வயதில் எட்டிக்கூடப் பார்க்காத பரு, முப்பது வயதில், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு என் முகத்துக்குக் குடிவந்தது. தாடை இரண்டு பக்கமும் சிவந்து பழுத்து, தலையணையில் கன்னத்தை வைக்க முடியாது. அலுவலகத்தில் ஆளாளுக்கு வைத்தியம். ஒருவர் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னார், இன்னொருவர் எண்ணெயே ஆகாது என்றார். எல்லாவற்றையும் செய்து பார்த்து அலுத்துப்போய், கடைசியில் சிதம்பரத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனேன்.

அவர் ஒரு ஆயின்மென்ட் எழுதிக் கொடுத்தார். ராத்திரி மட்டும், பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் போட வேண்டும். பகலில் முகத்தில் வெயில் படக் கூடாது, வெளியே போனால் அதற்கென்று தனியாக ஒரு க்ரீம். முதல் ஒன்றரை மாதம் பரு கூடத்தான் செய்யும், தோல் உரியும், மூன்று மாதம் பொறுத்தால்தான் பலன் தெரியும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அவர் சொன்னபடியேதான் நடந்தது. இரண்டாவது வாரம் முகம் தக்காளி மாதிரி சிவந்தது. சோப்பு நுரை பட்டாலே எரியும். மூக்கோரம் தோல் செதில் செதிலாக உரிந்தது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஆபீஸ் போனேன். ஒருநாள் நான் பாத்ரூமில் உட்கார்ந்து அழுததைப் பார்த்து என் கணவர் ட்யூபைக் குப்பையில் போடப் போனார், பிடுங்கி வைத்துக்கொண்டேன். அப்புறம் மெல்ல மெல்ல அடங்கியது. நாலாவது மாதம் முகத்தில் ஒரு பரு கிடையாது. பொய் சொல்லவில்லை, எனக்கு அவ்வளவு நன்றாகக் கேட்டது அந்த மருந்து.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு வாய் நீளம். யாருக்குத் தலைவலி என்றாலும் முதலில் மாத்திரை பெயர் சொல்வது நான்தான். பருவோடு யாரைப் பார்த்தாலும் அந்த ட்யூபின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் செக்‌ஷனில் ஒருத்தி வாங்கிப் போட்டுவிட்டு, எரிகிறது என்று பத்தே நாளில் நிறுத்திவிட்டாள். இன்னொருவர் மூன்று மாதம் போட்டும் ஒன்றும் ஆகவில்லை என்றார். ஒருத்திக்குப் பொறுமை இல்லை, இன்னொருவருக்குப் போடத் தெரியவில்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கடலூரிலிருந்து என் சித்தி மகள் போன் செய்தாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது, இவள்தான் தங்கை. சித்தி சித்தப்பாவுக்கு ஒரே பெண். சித்தப்பா கோர்ட்டில் ஆபீஸ் அசிஸ்டெண்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். தங்கைக்குச் சிதம்பரத்து மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. நாங்கள் கத்தோலிக்கர்கள். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் முடியும்வரை கோயிலில் கல்யாணம் வைக்க மாட்டார்கள் என்று, அதற்கு முந்தின வாரத்தில் நாள் குறித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. தங்கையின் கன்னத்தில் நாலைந்து பரு, அவ்வளவுதான். ஆனால் கல்யாணப்பெண்ணுக்கு ஒரு பரு வந்தாலும் பெரிய கவலைதானே.

"அக்கா, உன் மூஞ்சிக்கு என்னாக்கா போட்ட? இல்ல, நான் இங்க ஒரு டாக்டர பாத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டாள்.

"நான் இருக்கும்போது உனக்கு எதுக்குடி டாக்டரு? அஞ்சு வாரம் இருக்குது. கல்யாணத்தன்னைக்குப் பாரு, மூஞ்சி கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்றேன்.

இந்தப் பதிலைச் சொன்ன வாயை எத்தனை தடவை அடித்துக்கொண்டிருப்பேன் என்று கணக்கில்லை.

ட்யூபைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினேன். டாக்டரின் சீட்டு எங்கே கிடக்கிறது என்று தேடக்கூட இல்லை. எனக்கே மூன்று மாதம் ஆனது, முதல் ஒன்றரை மாதம் நான் பட்ட பாடு என்ன என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவிலேயே வரவில்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ, முகம் சரியான பிறகு அந்த நாட்களே எனக்கு மறந்துபோயிருந்தன. வெயில் விஷயம் அதைவிட மோசம். நான் ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவள், வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. வெயிலைப் பற்றி எனக்குக் கவலையே இருந்ததில்லை, அதனால் அவளிடம் சொல்லவும் தோன்றவில்லை. கடைக்காரரும் போட்டோவைப் பார்த்து எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அந்த ஐந்து வாரமும் பத்திரிகை வைக்கிற நாட்கள். சித்திக்கு முட்டிவலி, வண்டியில் ஏற முடியாது. அதனால் சித்தப்பா மகளையே பின்னால் உட்காரவைத்துக்கொண்டு, தன் மொபெட்டில் பண்ருட்டி, நெல்லிக்குப்பம், காடாம்புலியூர் என்று சுற்றினார். அவருக்கு அதில் ஒரு சந்தோஷம். போகிற வீட்டிலெல்லாம், "எம்பொண்ணே வந்து வைக்கிறா" என்று சொல்வாராம். காலையில் கிளம்பினால் மூன்று மணி வரைக்கும் வெயிலில்தான். ராத்திரி ஆனதும் அவள் அக்கா சொன்ன ஆயின்மென்டைப் போட்டுக்கொள்வாள், அதுவும் முகம் முழுக்க, தினமும்.

மூன்றாவது வாரம் என் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தார்கள். அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். கன்னம் இரண்டும் சிவந்து, நாலு பரு இருந்த இடத்தில் இருபது பரு. நெற்றியும் மூக்கும் கறுத்திருந்தன. அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்கலாம். டாக்டரம்மா இருப்பது என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆனால் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்ற பயத்தை ஒத்துக்கொள்ள என் வாய் விடவில்லை.

"அது வேலை செய்யுதுடி. எனக்கும் இப்பிடித்தான் இருந்துச்சு. நிறுத்திடாத, இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாவே போடு" என்றேன்.

சித்தப்பா காபி டம்ளரை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "நல்லாத்தானம்மா இருந்துச்சு எம்பொண்ணு மூஞ்சி" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று இருந்தது, கோபம்கூட வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாது சித்தப்பா என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் நலுங்கு. மஞ்சளும் சந்தனமும் குழைத்து ஒவ்வொருவராகக் கன்னத்தில் பூசினார்கள். உரிந்த தோலில் மஞ்சள் பட்டால் எப்படி இருக்கும். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. பிறந்த வீட்டை விட்டுப் போகிற அழுகை என்று நினைத்து, கூடியிருந்த பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அது எரிச்சல் தாங்காத அழுகை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். என் முறை வந்தபோது கையில் மட்டும் பூசிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மேக்கப் போட வந்த பெண் முகத்தைப் பார்த்து மலைத்துப்போனாள். என்ன பூசினாலும் திட்டுத் திட்டாக நின்றது, தொட்ட இடத்தில் தோல் கையோடு வந்தது. தங்கை கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டாள். போட்டோகிராபரைக் கூப்பிட்டு, கிட்டே வந்து எடுக்க வேண்டாம் என்று கெஞ்சினாள். கோயிலில் சித்தப்பா கையைப் பிடித்துக்கொண்டு பீடத்தை நோக்கி நடந்தபோது தலை நிமிரவே இல்லை. தலையிலிருந்து தொங்கிய நெட் முகத்தை மறைத்திருந்தது, அது போதாதென்று பூங்கொத்தையும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

பூசை முடிந்து கோயில் வாசலில் கூட்டம் கூட்டமாக நின்று போட்டோ எடுத்தார்கள். சித்தப்பா புதுச் சட்டை, புது வேட்டியில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தார். கூட்டம் குறைந்ததும் மகளிடம் வந்தார்.

"எம் பக்கத்துல நில்லும்மா, நாம ரெண்டு பேரு மட்டும் ஒண்ணு எடுத்துக்கலாம். சின்னப் புள்ளையில கோயில்ல உனக்குப் புதுநன்மை குடுத்தப்ப எடுத்தது. அதுக்கப்புறம் நாம சேந்து எடுக்கவே இல்ல."

அவள் பூங்கொத்தை முகத்துக்கு நேராகத் தூக்கினாள். "இப்ப வேணாம்ப்பா. இந்த மூஞ்சியோட வேணாம். சரியானதும் ஸ்டுடியோவுக்கே போயி எடுத்துக்கலாம்ப்பா."

"சரிம்மா. அதுக்கென்னா, உனக்கு எப்ப தோணுதோ அப்ப எடுத்துக்கலாம்" என்று அவள் தலையில் கை வைத்துவிட்டு, பந்தியைக் கவனிக்கப் போய்விட்டார். நான் இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கல்யாணம் முடிந்து தங்கை சிதம்பரம் வந்ததும், அடுத்த நாளே அவளை என் டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் தங்கையை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் பார்த்தார். "உங்களுக்கு எழுதினத இவங்களுக்கு யாரு குடுக்கச் சொன்னது? இவங்க புதுசா கல்யாணமானவங்க. குழந்தை உண்டாகுற நேரத்துல இந்த மருந்து போடக் கூடாது, அதாவது தெரியுமா?" என்றார். அது எனக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துத்தான் குழந்தை என்று இருவரும் முடிவு செய்திருப்பதாகத் தங்கை சொன்னாள். முதலில் எல்லாவற்றையும் நிறுத்தி, தோல் ஆறுவதற்கு வேறு க்ரீம் கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அதே ஆயின்மென்டை, வாரத்துக்கு இரண்டே நாள் என்று ஆரம்பித்து, மெல்லக் கூட்டினார். எரிச்சல் இல்லை, உரியவில்லை. ஜூன் கடைசியில் அவள் முகம் தெளிந்துவிட்டது.

அப்போதாவது அந்த வாரமே போய் எடுத்திருக்கலாம். சித்தப்பா ஒரு தடவை போனில், "என்னாம்மா, ஸ்டுடியோ எப்ப?" என்று கேட்டார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அப்புறம் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். அப்புறம் தங்கையின் மாமியாருக்குக் கண் ஆபரேஷன். செப்டம்பரில் மாதா திருநாளுக்குக் கடலூர் போகும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. யாருக்கும் அவசரம் இல்லை, அவருக்கு அறுபத்துமூன்று வயதுதான்.

திருநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எங்கள் பக்கம், சவப்பெட்டியைக் கோயிலுக்கு எடுப்பதற்கு முன்னால் குடும்பத்தார் சுற்றி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது வழக்கம். வெளியூரில் இருப்பவர்களுக்கு அனுப்ப வேண்டும், அதற்காக. அன்றைக்கும் போட்டோகிராபர் வந்து எல்லோரையும் நிற்கச் சொன்னார். கல்யாணத்திலிருந்து கேமராவைக் கண்டாலே விலகிப் போகிற என் தங்கை, யாரும் கூப்பிடாமல் தானாகவே போய் அப்பாவின் தலைமாட்டில் நின்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, நேராகக் கேமராவைப் பார்த்தாள்.

அவள் முகத்தில் ஒரு பரு இல்லை, ஒரு தழும்பு இல்லை. கல்யாணத்தன்று எப்படி இருக்கும் என்று நான் வாக்குக் கொடுத்தேனோ, அப்படியே இருந்தது. அந்த நேரத்திலும் அதைக் கவனித்த என் கண்ணை நான் என்ன செய்வது என்று தெரியவில்லை. சுவரில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். சித்தப்பாவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

புதுநன்மைக்குப் பிறகு அப்பாவும் மகளும் முகம் தெரியச் சேர்ந்து இருக்கிற போட்டோ அது ஒன்றுதான். போட்டோகிராபரிடம் சொல்லி, மற்றவர்களை எல்லாம் வெட்டிவிட்டு, இருவர் மட்டும் இருக்கிற மாதிரி ஒரு பிரதி வாங்கித் தன் பைபிளில் வைத்திருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால், திட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். இன்றைக்கும் எனக்கு உடம்பு சரியில்லை என்றால் ரசம் வைத்து எடுத்துக்கொண்டு வருவது அவள்தான்.

முப்பதாம் நாள் பூசைக்கு வந்த உறவுக்காரப் பெண் ஒருத்தி, "உங்க தங்கச்சி மூஞ்சி எவ்ளோ தெளிஞ்சிருக்குது, என்னா ஆயின்மென்ட்டுங்க?" என்று என் காதோடு கேட்டாள். டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். பெயரைச் சொல்லாததில் அவளுக்கு என்மேல் வருத்தம்.

இப்போதும் யாராவது கேட்கிறார்கள். எனக்கு நல்லதைச் செய்த மருந்துதான், தங்கைக்கும் கடைசியில் நல்லதைச் செய்த மருந்துதான், அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அதன் பெயரைச் சொல்ல வாயெடுத்தால், கோயில் வாசலில் புதுச் சட்டையோடு, மகள் பக்கத்தில் வந்து நிற்பதற்காகக் கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டு நின்ற சித்தப்பாதான் கண்ணில் தெரிகிறார், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.