ரேஸ் பார்க்க ஒரு முழு உயரப் படம்

விசாவுக்கு முழு உயரப் படம் ஒன்று வேண்டுமாம் என்று மகள் வந்து சொன்னபோது, நான் ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஊசியை அப்படியே துணியில் குத்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தேன்.

"முகம் மட்டும் தெரியிற படம் குடுத்ததுதானே?"

"அது காணாதாம் அம்மா. தலையில இருந்து கால் வரைக்கும் தெரியணுமாம். சுவருக்கு முன்னால நிண்டு எடுத்தாச் சரியாம்."

அந்தப் படம் எதற்கென்று எனக்குத் தெரியும். பஹ்ரைனில் வீட்டுப் பணிப்பெண்ணாக இருந்துவிட்டு வந்தவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? அங்கே வீட்டுக்காரி பார்க்க வேண்டும். ஆள் குள்ளமா நெட்டையா, கை கால் சரியாக இருக்கிறதா, வாளி தூக்குவாளா என்று. மாடு வாங்க வந்தவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதும் இதுவும் ஒன்றுதான். முதல் தரம் போகும்போது நானும் அப்படித்தான் கைகளைத் தொடையோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். அப்போது கேட்டார்கள், நின்றேன். இப்போது நான் வேலைக்குப் போகவில்லை. கார் ரேஸ் பார்க்கப் போகிறேன். கதிரையில் உட்கார்ந்து பார்க்கிறவளின் கால் எப்படி இருந்தால் எவனுக்கு என்ன?

சீ என்று போய்விட்டது எனக்கு.

எனக்கு எப்படி இந்த ரேஸ் பைத்தியம் பிடித்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் எங்கள் ஒழுங்கையில் உள்ளவர்களைப் போலத்தான் நினைப்பீர்கள். நான் வேலை செய்த வீட்டில் அப்பனும் மூன்று ஆண்பிள்ளைகளும் வருடம் தவறாமல் பந்தயத்துக்குப் போவார்கள். அந்த நாட்களில் அது பகலில்தான் நடந்தது. மற்ற நாடுகளில் நடப்பதை வீட்டு டிவியில் பார்ப்பார்கள். நான் பின்னால் நின்று அவர்களுடைய வெள்ளை அங்கிகளை அயன் பண்ணுவேன். அயன் பண்ணப் பண்ண எனக்கும் விளங்கத் தொடங்கியது. எந்த டயர் கெதியாகத் தேயும், மழை தூறினால் யார் உள்ளே வந்து மாற்றுவான், யார் வீம்புக்கு வெளியே ஓடி வழுக்கி விழுவான் என்றெல்லாம் மனதுக்குள் பந்தயம் கட்டுவேன். பல நேரம் நான் சொன்னதுதான் நடக்கும். யாரிடம் சொல்வது? அயன் பெட்டியிடம்தான்.

ஒரு வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். அன்று முழுக்க என் கால் தரையில் நிற்கவில்லை. அங்கே போய் வாகனத்தை நிறுத்தியதும், கடைசிப் பிள்ளை நித்திரை, சத்தத்துக்கு எழும்பி அழும், நீ இதைப் பார்த்துக்கொண்டு இரு என்று சொல்லிவிட்டு மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். மூன்று மணித்தியாலம் அந்த வாகனத்துக்குள் இருந்தேன். பிள்ளை என் மடியில் எச்சில் வடித்துக்கொண்டு தூங்கியது. கார்கள் ஓடுவது தகரத்தைக் கிழிப்பது போலக் கேட்டது. நான் பார்த்தது, சனம் உட்கார்ந்திருந்த பெரிய மேடையின் முதுகைத்தான். இரும்புத் தூண்கள், குப்பைப் பைகள், மலசலகூடத்துக்குப் போய் வருகிறவர்கள். என் சொந்தப் பிள்ளை அப்போது நாவற்குடாவில் யார் மடியில் தூங்கினாளோ தெரியாது.

அந்த மேடையின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் என் ஆசை. வேறு ஒரு மண்ணும் இல்லை. இந்த வயதில் நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, என் தையல் மெசின் மிதித்த காசில் நாலே நாள் போய்விட்டு வரப்போகிறேன்.

அதைச் சொன்ன நாளிலிருந்து ஊர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. பிளவுஸ் தைக்க வந்த ஒருத்தி அளவு கொடுக்கக் கையை உயர்த்திக்கொண்டே, "பழைய குருடி கதவைத் திறடி எண்ட மாதிரி, திரும்பவும் வெளிக்கிட்டாச்சு போல" என்றாள். ரேஸ் பார்க்கப் போகிறேன் என்றேன். "ஓம் ஓம்" என்றாள். அந்த ஓமில் அவ்வளவு இரக்கம். இரக்கத்தைப் போல அருவருப்பானது உலகத்தில் இல்லை. அவளுடைய பிளவுஸை இரண்டு கிழமை பிந்தித்தான் கொடுத்தேன்.

என் மனுசன் வாவியில் வலை போடுகிறவர். அவர் மட்டும் என்னை நம்பினார், நம்பியதால் சிரித்தார். "கார் ஓடுறதப் பாக்க கடல் தாண்டிப் போகணுமா? கல்முனை றோட்டில போய் நில்லு. பிறைவேட் பஸ்ஸும் கவுண்மென்ட் சீரிபி பஸ்ஸும் விடுற ரேஸுக்கு டிக்கட்டும் இல்ல, விசாவும் இல்ல." அதை அவர் துறைக்குப் போய் எல்லாருக்கும் சொல்லி, எல்லாரும் சிரித்தார்கள். சரி, சிரிக்கட்டும். சிரிக்கிறவனுக்குப் பதில் சொல்லலாம். இரக்கப்படுகிறவளுக்கு என்ன சொல்வது?

எனக்கு ஒரே மகள். இருபத்தேழு வயது. டவுனில் ஒரு பிரிண்டிங் கடையில் கம்பியூட்டர் வேலை. இங்கிலீஷ் தெரிந்தவள், போனில் எல்லாம் பார்க்கத் தெரிந்தவள். அதனால் பாஸ்போட்டை அவளிடம்தான் கொடுத்தேன். தனக்குத் தெரிந்த ஏஜென்சி ஒன்று இருக்கிறது, தானே பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஏஜென்சிதான் இப்போது என் காலைப் பார்க்கக் கேட்கிறது.

சட்டம் மாறியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு எழுந்து போனேன். எங்கள் வீட்டு முன்சுவருக்கு இன்னும் பூச்சு இல்லை, வெறும் கல். பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் கட்டிக்கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வீட்டைத்தான் நான் பஹ்ரைனில் இருந்து காசு அனுப்பிக் கட்டினேன். பாதியில் நிற்கிறது. அந்தச் சுவருக்கு முன்னால் நின்றேன். மகள் போனைத் தூக்கிப் பிடித்தாள்.

"கையைக் கொஞ்சம் முன்னால வையுங்க அம்மா. விரல் தெரியட்டும்."

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வைத்தேன்.

அடுத்த கிழமை இன்னொன்று வந்தது. மெடிக்கல் எடுக்க வேண்டுமாம். இரத்தம், சலம், நெஞ்சுப் படம். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ரேஸ் பார்க்கிறவளின் சலத்தை எந்த அரசாங்கம் கேட்கிறது? மகள் வேலைக்குப் போன பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, அவளிடம் சொல்லாமல் டவுனுக்கு பஸ் ஏறினேன்.

ஏஜென்சி ஒரு கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படியில் வெற்றிலைத் துப்பல். உள்ளே நீலக் கடல், உயர்ந்த கட்டடம், ஒட்டகம் என்று படங்கள். பிளாஸ்டிக் கதிரைகளில் நாலைந்து பெண்கள், அவர்கள் மடியில் ஆளுக்கொரு பைல். ஒருத்தியும் மற்றவளின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. நான் மகளின் பெயரைச் சொன்னதும் மேசைக்குப் பின்னால் இருந்தவன் எழுந்து கதிரை போட்டான். முதலில் என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் கைகளைப் பார்த்தான். நான் கைகளைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்தேன்.

"அக்கா, உங்களுக்கு ஒண்டுக்கும் யோசிக்கத் தேவையில்ல. பழைய ஆள், அரபு தெரியும். உடன எடுப்பாங்க."

"நான் வேலைக்குப் போகல்ல. கார் ரேஸ் பாக்கப் போறன். நாலு நாளில வந்திருவன்."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் இன்னும் கேவலமாக இருந்தது.

"எல்லாரும் ஒவ்வொண்டு சொல்லித்தான் வாறாங்க அக்கா. ஒருத்தி தங்கச்சியப் பாக்கப் போறன் எண்டுவா. ஒருத்தி ஊராக்களிட்ட கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்து ஏறுவா. நீங்க ரேஸ் எண்டு சொல்றீங்க. நல்லாத்தான் இருக்கு."

பாஸ்போட்டைத் தா என்றேன். அவன் தயங்கினான். நான் சத்தம் போட்டேன். கதிரைகளில் இருந்த பெண்கள் முதல் தரமாகத் தலையைத் தூக்கினார்கள். என் வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது, அவனுடைய ஒட்டகத்தையும் விட்டு வைக்கவில்லை. கடைசியில் பைலோடு தூக்கிக் கொடுத்தான்.

படியில் நின்றே திறந்து பார்த்தேன். பாஸ்போட். பூச்சில்லாத சுவருக்கு முன்னால் விரல்களை நீட்டிக்கொண்டு நிற்கிற நான். அதோடு ஒரு படிவம். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கக் கொஞ்சம் வரும், சோப்புப் பெட்டியிலும் மருந்துப் போத்தலிலும் பழகியது. உயரம், நிறை. சமையல், ஆம். அயன், ஆம். பிள்ளை பராமரிப்பு, ஆம். அனுபவம் என்ற இடத்தில் ஆறு வருடம் ஏழு மாதம் என்று எழுதியிருந்தது.

அந்த எழுத்து எனக்குத் தெரியும். இடது பக்கம் சரிந்து, புள்ளிக்குப் பதில் சின்ன வட்டம் போடுகிற எழுத்து. அந்த எழுத்துக்கு டியூசன் காசு அனுப்பியவள் நான்.

பஸ் கல்லடிப் பாலத்தில் ஏறும்போதும் அந்தப் பைலை மடியில் வைத்து அமத்திக்கொண்டுதான் இருந்தேன். ஏஜென்சிக்காரன் மீதிருந்த அருவருப்பு எங்கேயோ போய்விட்டது. பெற்ற பிள்ளை. தாயை அளந்து, நிறுத்து, தன் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பாதி வீட்டை முடிக்க இன்னொரு தரம் என்னை விற்கப் பார்த்தாளா?  நாவற்குடாவில் இறங்கி, தெருவோரத்தில் குனிந்து நின்று, காலையில் சாப்பிட்டதையெல்லாம் சத்தி எடுத்தேன். பொய்யில்லை, மெய்யாகவே எடுத்தேன்.

பின்னேரம் அவள் வேலையால் வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே படிவத்தை அவள் முன்னால் போட்டேன்.

"இது ஆர்ர எழுத்து?"

அவள் ஒளிக்கவில்லை. "என்ர எழுத்துத்தான்."

"தாய வேலைக்காரியா எழுதிக் குடுக்க உனக்குக் கை கூசல்லியா?"

அவள் என்னை விளங்காமல் பார்த்தாள். பிறகு மெல்ல, "அப்ப மெய்யாவே ரேஸ் பாக்கத்தானா போறீங்க?" என்று கேட்டாள்.

"வேற என்னத்துக்கு?"

"வீட்டு வேலை முடியாமக் கிடக்கு எண்டு நீங்கதானே ஒவ்வொரு நாளும் சொல்றீங்க. திரும்ப வேலைக்குப் போறன் எண்டு சொல்ல வெக்கத்தில ரேஸ் எண்டு சொல்றீங்க எண்டு நினைச்சன். கேட்டு உங்கள நோகப் பண்ணாம எல்லாத்தையும் நானே செய்து தருவம் எண்டு…"

"நாலு நாளில வாறன் எண்டு நான் உனக்குச் சொல்லல்லியா?"

"முந்தியும் அப்பிடித்தானே சொன்னீங்க."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"கதிர்காமத்துக்குப் போறன், நாலு நாளில வாறன் எண்டு சொல்லிட்டுத்தானே போனீங்க. தொதல் வாங்கிட்டு வாறன் எண்டும் சொன்னீங்க."

அவளுக்கு அப்போது ஐந்து வயது. மெய்யைச் சொன்னால் காலைக் கட்டிக்கொண்டு அழுவாள், அழுதால் என்னால் போக முடியாது என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் போன தாய்மார் பலரும் ஏதோ ஒரு கோயிலைச் சொல்லித்தான் போனார்கள். நான் சொன்னது கதிர்காமம். இரண்டு வருடம் கழித்து விமான நிலையத்தில் வாங்கிய சொக்லட்டோடு வந்தேன். அந்தத் தொதல் இனிப்பைப் பற்றி அவள் கேட்கவில்லை, நானும் மறந்துவிட்டேன். பிறகு இன்னும் இரண்டு தரம் போனேன். ஆறு வருடம் ஏழு மாதம். படிவத்தில் மாதக் கணக்கை யாரும் கேட்கவில்லை. எனக்கே அந்தக் கணக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஊரெல்லாம் என் வார்த்தையை நம்பவில்லை என்று ஒரு மாதமாகக் காறித் துப்பிக்கொண்டிருந்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். இந்த வீட்டில் என் வார்த்தையை முதலில் நாறடித்தவள் நான்தான். அன்றைக்கு எனக்கு மிஞ்சியிருந்த அருவருப்பு முழுவதும் எனக்கே போதாமல் இருந்தது.

படிவத்தை நான் கிழித்தேன். படத்தைக் கிழிக்கப் போனபோது அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு நாள் நாங்கள் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் அவளைக் கூப்பிட்டேன்.

"மனே, போனை எடு. டிக்கட் போடுவம். முதல்ல திரும்பி வாற டிக்கட்ட எடு. போற டிக்கட்டப் பிறகு பாக்கலாம்."

"அப்பிடி ஒருத்தரும் எடுக்கமாட்டாங்க அம்மா. ரெண்டையும் ஒண்டா எடுத்தாத்தான் மலிவு."

"மலிவு தேவையில்ல. வாறதை எடு."

 அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து போனைத் தட்டினாள். பெயரை இரண்டு தரம் சரி பார்த்தாள். திகதியை மூன்று தரம் வாய்விட்டு வாசித்தாள். அடுத்த நாள் கடையில் அதை அச்சடித்துக் கொண்டுவந்தாள், ஆனால் எனக்குத் தரவில்லை, தன்னுடைய பையிலேயே மடித்து வைத்துக்கொண்டாள். போகிற டிக்கட் இன்னும் எடுக்கவில்லை.