மூத்த சென்சாருக்கு நடு இடம்

அறையின் நடு இடத்தை வயதில் மூத்த சென்சாருக்குக் கொடுப்பதுதான் முறை என்று நான் உண்மையாகவே நம்பினேன்.

ஆரணியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் பட்டுப்புடவைகளை அடுக்கி வைக்கும் அறை ஒன்று உண்டு. அங்கே ஈரம் ஏறினால் புடவையில் பூஞ்சை பிடிக்கும், ஜரிகை கறுக்கும். அதனால் ஈரத்தை அளந்து என் போனுக்குச் சொல்ல வயரில்லாத சென்சார்கள் ஆறு வைத்திருந்தேன். எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கியிருந்தால் நான் நானில்லையே. ஆறும் ஆறு சமயத்தில், ஆறு ஜாதகத்தோடு வந்தவை. ஓரங்களில் இருக்கும் ஐந்தும் சொல்வதை நடுவில் இருப்பது கேட்டு, மொத்தமாக எனக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பதவியை முதலில் வாங்கிய கிழத்துக்குக் கொடுத்தேன். அதற்கு இரண்டே இரண்டு சின்ன பேட்டரி. கடைசியாக வந்தது நேராகக் கரண்டில் ஓடும் வாட்டசாட்டமான ஆள். நேற்று வந்தவன்தானே என்று கதவு மூலையில் நிறுத்தினேன். போதாக்குறைக்கு, எல்லோரும் நிமிஷத்துக்கு ஒருமுறை பேச வேண்டும் என்று உத்தரவு வேறு.

ஒரு மழைநாள், வந்தவாசியில் கல்யாணச் சாப்பாடு. ரசம் ஊற்றும் நேரத்தில் போனைப் பார்த்தேன். ஆறும் ஒரேயடியாக மௌனம். ஆறு பேர் சேர்ந்து வாயை மூடினால் என்ன அர்த்தம்? அறைக்குள் வெள்ளம். ஒரு கல்யாண வீட்டின் ஆர்டர் முழுக்க அங்கேதான் இருந்தது. அது நனைந்தால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்? மனைவிக்குப் போன் போட்டேன்.

"ஆறும் செத்துடுச்சி."

பக்கத்து இலைக்காரர் பிசைவதை நிறுத்திவிட்டார்.

"இன்னா செத்துச்சி?" என்றாள்.

"சென்சாருதான். ரூமுக்குள்ள தண்ணி பூந்துட்டுது. ஜல்தியா போயி பொடவைங்கள வெளிய எடுத்துப் போடு."

"வெளிய மழ பேஞ்சிகினு இருக்குதுங்க. காஞ்ச பொடவைய நனைக்கச் சொல்றதுக்கா போன் பண்றீங்க?"

"காஞ்சிருக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அந்த ரூம்லதான் உக்காந்துகினு இருக்கேன். பேஜார் பண்ணாம சாப்ட்டுட்டு வாங்க."

நான் நம்பவில்லை. இலையை மூடி எழுந்தேன். பக்கத்து இலைக்காரர் என் கையைப் பிடித்தார்.

"தைரியமா இருங்க. எல்லாம் வயசானவங்களா?"

"ஒருத்தர் மட்டும்ங்க," என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், ஓரத்து ஐந்தும் நிமிஷம் தவறாமல் அளந்து சொல்லிக்கொண்டேதான் இருந்தன. கேட்டு அனுப்ப வேண்டிய கிழத்துக்குத்தான் ஓயாமல் கேட்டுக் கேட்டே பேட்டரி தீர்ந்துபோயிருந்தது. கரண்டில் ஓடுவதை நடுவுக்கு மாற்றி, பேட்டரியில் ஓடும் மற்றவை அரை மணிக்கு ஒருமுறை பேசினால் போதும் என்று வைத்தேன். புடவை ஒன்றுகூட நனையவில்லை.