நேசராஜாவின் சைபர்

இணுவிலில் ஒரு சின்னத் தேவாலயம். ஞாயிறுதோறும் அங்கே ஆராதனைக்கு வந்தவர்களை எண்ணிப் பதிவேட்டில் எழுதும் பொறுப்பு இருபத்திரண்டு வருடமாக நேசராஜாவுடையது. ஓய்வுபெற்ற தபாலதிபர், கை சுத்தம், மனம் தாராளம். அந்தத் தாராளத்தில்தான் கோளாறு. பிந்தி வந்தவரை ஒருமுறை, தண்ணீர் குடிக்கப் போய்த் திரும்பியவரை மறுமுறை, மழைக்கு வாசலில் ஒதுங்கியவரை இன்னொருமுறை என்று எண்ணி நாற்பதைத் தொண்ணூறு ஆக்கிவிடுவார். போதகரும் வெறுமையான வாங்கு இருக்கைகளைப் பார்ப்பதைவிடப் பதிவேட்டைப் பார்ப்பதையே விரும்பினார். யாருக்கு நட்டம்?

பல்கலைக்கழகத்தில் கடற்பறவைகளை ஆராயும் அனுஜா அதே சபைப் பெண். நடுக்கடலில் எந்தப் பறவை, எங்கே, எத்தனை என்று கணக்கெடுக்கப் போகும் கப்பலுக்கு அவளுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வந்த இளசுகளெல்லாம் மயிலிட்டித் துறைமுகத்தைத் தாண்டுமுன்பே வாந்தியெடுத்துப் படுத்துவிட்டன.

"அங்கிள், நீங்கள் எண்ணுவியள்தானே?"

நேசராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. வயது அறுபத்துமூன்று, பிறந்தது முதல் சுற்றிவரக் கடல், முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. இருபது நாள் நடுக்கடல் என்றால் கசக்குமா?

"இஞ்சருங்கோ, அங்கையும் கூட்டி எண்ணிப்போட்டு வராதேங்கோ," என்றாள் மனைவி மேர்சி. அவளுக்கு எல்லாம் தெரியும்.

முதலில் இரண்டு நாள் படகில் சோதனை. நேசராஜாவும் அனுஜாவின் உதவியாளன் கிருஷாந்தும் ஒருவர் தாளை மற்றவர் பாராமல் படகின் ஒரே பக்கத்துப் பறவைகளை எண்ண வேண்டும். இரண்டும் ஒத்துவந்தால்தான் கப்பல். முதல் நாள் கிருஷாந் எண்ணியது ஒன்பது. நேசராஜா எண்ணியது அறுபத்தொன்று.

அனுஜா தாளைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"அங்கிள், படகுக்குப் பின்னாலை சுத்தின கடற்காகம் ஒண்டுதான். அதை ஐம்பத்துமூண்டு தரம் எண்ணியிருக்கிறியள்."

"அது ஒவ்வொருக்காலும் திரும்பி வந்தது பிள்ளை."

"எத்தினைதரம் வந்தாலும் ஒருக்காத்தான் எண்ணலாம். ஒண்டும் இல்லாட்டி சைபர் எண்டு எழுதவேணும். நாளைக்கும் பிழை விட்டால் கப்பல் இல்லை."

சைபர்! அவர் வாழ்நாளில் எழுதிப் பழகாத எண். மறுநாள் கடல் பார்த்து வஞ்சம் தீர்த்தது. காலை முழுக்கக் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு சிறகு இல்லை. தாளில் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம். சைபர். மறுபடி சைபர். கை துருதுருத்தது. தூரத்தில் வலையின் மிதப்பு ஒன்று ஆடியது. அதை ஓர் ஆலாப் பறவையாக்கினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று மனம் கேட்டது. கப்பலை நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு சைபரே போட்டார்.

மாலையில் இரண்டு தாளும் ஒத்துவந்தன. நான்கு ஆலாக்கள், மிச்சமெல்லாம் சைபர்.

"இனிப் போதகரிட்டை ஒரு நற்சான்றிதழ் மட்டும் வாங்குங்கோ அங்கிள்," என்றாள் அனுஜா.

ஞாயிறு வந்தது. நேசராஜாவின் பழைய பழக்கம் கெட்டுப்போயிருந்தது. பதிவேட்டில் முப்பத்தெட்டு என்று எழுதினார். போன ஞாயிறு தொண்ணூற்றுநான்கு.

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "நேசராஜா, மிச்ச ஐம்பத்தாறு பேரும் எங்கை?"

நேசராஜா மேசையைப் பார்த்தார். நற்சான்றிதழுக்கான தாள் மேசையில் இன்னும் வெறுமையாகக் கிடந்தது. எல்லாருக்கும் காய்ச்சல் என்ற பொய் நுனிநாக்குவரை வந்துவிட்டது. விழுங்கினார்.

"அவையள் படகுக்குப் பின்னாலை சுத்துற கடற்காகங்கள் ஐயா. இருபத்திரண்டு வருசமாத் திரும்பத் திரும்ப எண்ணிப்போட்டன்."

போதகர் நற்சான்றிதழ்த் தாளை அருகில் இழுத்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

வீட்டு வாசலிலேயே மேர்சி கடிதத்தைப் பறித்து வாசித்தாள்: "இவர் உள்ளதை உள்ளபடி எண்ணுவார், இந்த ஞாயிற்றுக்கிழமை தொடக்கம்."

நல்லவேளை, கப்பல் திங்கட்கிழமைதான் புறப்பட்டது. நேசராஜாவும் அதில் இருந்தார்.