மேடத்தின் பத்து விரல்கள்

கண்கள் மணமேடையில் இருக்க, பத்து விரல்களும் விசைப்பலகையின் மேல் இலக்கில்லாமல் ஓடிய அந்தக் காட்சிதான் எங்கள் பிரிவுத் தலைவியை நினைத்தால் முதலில் வருகிறது. சைதாப்பேட்டைக்காரர். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மேடம். 1999 ஆவணியில், மயிலாப்பூர்க் கல்யாண மண்டபம் ஒன்றில், என் தங்கையின் முகூர்த்த நேரம் அது.

அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்தவர் அண்ணன். அமெரிக்காவில் இருந்தார், விசா சிக்கலால் வர முடியவில்லை. தாலி ஏறும் நொடியாவது தனக்குத் தெரிய வேண்டும் என்று கேட்டிருந்தார். அந்த நேரம் அவருக்கு இரவு வேலை. அங்கே தொலைபேசியில் பேச வழியில்லை, கணினியில் இணையப் பக்கங்கள் மட்டுமே திறக்கும். "பக்கத்த முடிக்காம வெச்சிக்கினு, நடக்க நடக்க ஒவ்வொரு வரியா அனுப்பலாம்ப்பா" என்றார் மேடம்.

முந்தின நாள் தி. நகர் அலுவலகத்தில் ஒத்திகை பார்த்தோம். ஒரு கணினியில் அவர் வரி வரியாக அடித்தார். இன்னொன்றில் வெறும் வெள்ளைத் திரை. முடித்த பிறகு மொத்தமும் ஒரேயடியாகக் கொட்டியது. எங்கள் அலுவலக இணையதளத்தை ஏற்று நடத்திய நிறுவனம், நடுவில் ஓர் இயந்திரத்தை நிறுத்தி, போகிற எல்லாவற்றையும் சுருக்கி அனுப்பத் தொடங்கியிருந்தது. போதுமான அளவு சேரும் வரை அது எதையும் விடாது. எல்லோருக்கும் பொதுவான ஏற்பாடு, ஒருவருக்காக நிறுத்த இயலாது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார்கள். "சுருக்கிக் குடுன்னு நான் கேட்டேனா? நல்லா கீது கதை!" என்று மேடம் ரிசீவரை வைத்தார்.

பிறகு அவர் செய்ததை இன்றும் வியக்கிறேன். ஒரு வரிக்குப் பின்னால் பக்கம் பக்கமாக வெற்றிடத்தை நிரப்பினார். இயந்திரம் அதை ஒன்றுமில்லாமல் மடித்துக்கொண்டது. தங்கையின் பெயரையே திரும்பத் திரும்ப ஒட்டினார், அதுவும் மடிந்தது. "ஒரே மாதிரி இருந்தா மடிச்சிடுது. மடிக்கவே முடியாததா போடுவோம்" என்று கண்ணை மூடிக்கொண்டு விசைகளைத் தட்டித் தள்ளினார். எந்த ஒழுங்கும் இல்லாத எழுத்துக் குப்பை. இயந்திரம் நிரம்பி, வரியை வெளியே விட்டது. குப்பை அண்ணன் கண்ணில் படாமல் மறைக்கும் குறியையும் சேர்த்துக்கொண்டார். மாற மறுப்பதற்குத் தீனி போட்டே காரியம் சாதித்தவர், நான் பார்த்த வரையில், அவர் ஒருவர்தான்.

மண்டப அலுவலக அறையில், அங்கிருந்த ஒரே தொலைபேசி இணைப்பில் கணினியின் மோடத்தைச் செருகி, கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு தட்டல். எட்டிப் பார்த்த பெரியப்பா, "இன்னாம்மா, டைப்படிக்கிறியா, தவில் வாசிக்கிறியா?" என்றார்.

"ரெண்டும்தான் பெரியவரே. நீங்க போயி அட்சதைய கையில வாங்குங்க."

'தாலி ஏறியாச்சு' என்று அடித்தபோது மேடத்தின் கண் கலங்கியிருந்தது. விரல்கள் வழக்கத்தைவிட வேகமாகத் தட்டின. அனுப்பிய பிறகுதான் மறைக்கும் குறியை விட்டுவிட்டது தெரிந்தது. "ஐயையோ, குப்பை அப்படியே போயிடுச்சுப்பா. அந்த நேரத்துல போயா!" பந்தியில் அவர் சரியாகச் சாப்பிடவே இல்லை.

மாலையில் அண்ணன் பேசினார். மேடம் பத்து விரல்களாலும் குப்பையைத் தட்டிய கதையைச் சொல்லி, அவர் சார்பில் மன்னிப்புக் கேட்டேன்.

"குப்பையா? தாலி ஏறியாச்சுன்னு வந்துச்சு, உடனே திரை முழுக்க எழுத்தா கொட்டிச்சு. கெட்டிமேளம்னு நெனச்சு எழுந்து நின்னுட்டேன்டா."

அண்ணன் இப்போது சென்னையில்தான் இருக்கிறார். சென்ற ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றை இருவரும் கைப்பேசியில் நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். தாலியைக் கையில் எடுத்த இடத்தில் படம் உறைந்துவிட்டது. நான் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அண்ணன் மேசையின் மேல் பத்து விரல்களாலும் தட்டத் தொடங்கினார்.